மூன்று மணி ஒரு நிமிடம்: புத்தகக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மொரிஷியஸ் புத்தகக் கடை உரிமையாளர்களுக்கும் பொது நூலகர்களுக்கும் வணக்கம்.

பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் கடை, ஆங்கிலத்தில் 'லைப்ரரி' என்றால் நூலகம். இந்த ஊரில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. அதனால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறோம், நீண்ட தொடரின் கடைசிப் பாகம் வெளியாகும் நாளை எப்படி நடத்தலாம் என்று. தமிழில் எதற்கு என்று கேட்காதீர்கள். ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சடிக்கிற நாடு இது.

ஆண்டுக்கணக்கில் இழுத்த ஒரு தொடரின் கடைசிப் பாகம் வருகிறது என்றதும் இங்கே முதலில் கிளம்புவது கதையைப் பற்றிய சண்டையல்ல, மணியைப் பற்றிய சண்டை. ஹாரி பாட்டர் ஏழாம் பாகம் 2007 ஜூலை 21 அன்று லண்டன் நேரம் நள்ளிரவு 12.01-க்கு வெளியானது. ஜூலையில் லண்டன் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால். ஆக நமக்கு விடியற்காலை 3.01. ஜனவரியில் வந்திருந்தால் 4.01. நியூயார்க் நள்ளிரவு என்று பதிப்பாளர் சொன்னால் ஜூலையில் காலை எட்டு, ஜனவரியில் ஒன்பது. விளம்பரத் தாளில் "நள்ளிரவு வெளியீடு" என்று மட்டும் போட்டால், உள்ளூர் நள்ளிரவுக்கு வந்து நிற்பவர் மேட்டுநிலத்துக் கியூர்பிப் குளிரிலும் தூறலிலும் மூன்று மணி நேரம் நடுங்க வேண்டியதுதான். பதிப்பாளருடன் நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் உள்ளூர் நேரமா, லண்டன் நேரமா என்பதை முதலில் பாருங்கள். பிறகு மொரிஷியஸ் நேரத்தை எண்ணிலேயே அச்சடியுங்கள்.

எங்களைக் கேட்டால், 3.01 வேண்டாம் என்போம். ரசிகர்கள் இதைச் சொல்வது விநோதம்தான். ஆனால் அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை, மெட்ரோவும் இல்லை. கார் வைத்திருப்பவர் மட்டும்தான் வர முடியும். 2005 முதல் மாணவர்களுக்குப் பஸ் இலவசம். பகலில் காசில்லாமல் ரோஸ்ஹில்லுக்கு வந்துவிடும் பிள்ளை, விடியற்காலையில் வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்கும். அதைவிடத் தீவு முழுக்க எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில், காலை 7 மணிக்கு, கதவைத் திறக்கட்டும். ஒரு கடை மூன்று மணிக்கும் இன்னொன்று ஒன்பதுக்கும் திறந்தால், இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் வேகமாகப் படிப்பவர் பாதிப் புத்தகத்தைத் தாண்டியிருப்பார். இரண்டு லட்சம் சொல் நீளமுள்ள நாவலை நிமிடத்துக்கு 250 சொல் என்ற சாதாரண வேகத்தில் படித்தால்கூடப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அவரவர் முதலில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினால் அந்தக் கணக்கும் கிடையாது.

இனி பெட்டி விஷயம். பெட்டிகள் வெளியீட்டு நாளுக்கு முன்பே உங்கள் கிடங்குக்கு வந்துவிடும். வந்தாகவும் வேண்டும், துறைமுகத்திலும் சுங்கத்திலும் நாள் பிடிக்கும். அதுவரை அவற்றைத் திறக்காமல் வைப்பதுதான் முழுச் சிரமமும். 2007-இல் அமெரிக்காவில் சில பெட்டிகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டு, சில வாசகர் கைக்கு நாட்களுக்கு முன்பே புத்தகம் போனது. பக்கம் பக்கமாக எடுத்த படங்கள் இணையத்தில் சுற்றின. நியூயார்க் நாளிதழ் ஒன்று இரண்டு நாள் முன்பே மதிப்புரையும் போட்டுவிட்டது. அமெரிக்கா பெரிய நாடு, அங்கே தப்பித்து ஓட இடமுண்டு. நம் தீவில் தெற்கே மாஹேபூரில் ஒருவர் படித்தது மாலைக்குள் வடக்கே கிராண்ட் பேய் வரை போய்விடும். ஒரே ஒரு பெட்டி திறந்தால் போதும்.

அதனால் பெட்டி வந்ததும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 600 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் பத்துள்ள பெட்டி எட்டு முதல் பத்து கிலோ இருக்கும். மறுநாள் எடை குறைந்திருந்தால் ஒட்டுநாடாவை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டியின் மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்திட்ட தாளை ஒட்டுங்கள். பிரித்தால் கையெழுத்து கிழியும். பெட்டிகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள், மரச்சட்டத்தின் மேல் வையுங்கள். மேட்டுநிலத்துக் கிடங்கில் பத்து நாளில் அடிப் பெட்டி நமுத்து, கீழ்வரிசைப் புத்தகங்களின் விளிம்பு அலையடித்துவிடும்.

முன்பதிவு வரிசையைக் குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்துப் பிரிக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து விடுங்கள். தமிழர்கள் வரும் கடையில் 'பி' வரிசை 'பிள்ளை' என்ற பெயர்க்காரர்களால் தெருமுனை வரை நீளும். 'ஆர்' வரிசை ராமசாமிகளால் அதற்கும் மேல். 'எக்ஸ்' மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். போதாததற்கு வீராசாமியை ஒரு குடும்பம் ஆங்கிலத்தில் 'இ' இரட்டித்து எழுதும், இன்னொன்று 'ஐ' போட்டு எழுதும். பட்டியலில் பெயர் கிடைக்காது, கிடைக்கும்வரை பின்னால் இருப்பவர்கள் நிற்பார்கள். பதிவு எண்ணே போதும். ஒன்று முதல் ஐம்பது வரை ஒரு மேசை, அடுத்த ஐம்பதுக்கு அடுத்தது. முழுப் பணம் கட்டியவருக்கு ஒரு நிறச் சீட்டு, முன்பணம் மட்டும் கட்டியவருக்கு வேறு நிறம். பணம் கட்டியவர் கையில் புத்தகத்தைக் கொடுத்து அனுப்ப அரை நிமிடம் ஆகும். சில்லறை தேட வேண்டியவருக்கு மூன்று நிமிடம். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்தால் எல்லோருக்கும் மூன்று நிமிடம்தான்.

பணம் வாங்கும்போதே எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடுங்கள். அந்த ஏழாம் பாகம் லண்டன் பதிப்பில் 607 பக்கம், நியூயார்க் பதிப்பில் 759, கதை ஒன்றுதான். பத்தாண்டாக ஒரே உயரத்தில் அடுக்கி வைத்திருக்கும் வரிசையில் கடைசிப் புத்தகம் மட்டும் வேறு உயரம், வேறு அட்டை என்றால் ரசிகர் அதைத் திருப்பிக் கொண்டுவருவார். உங்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. முந்தைய பாகங்களையும் மூன்று மாதம் முன்பே வரவழையுங்கள். எல்லோரும் முதலிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குவார்கள். முதல் பாகமும் கடைசிக்கு முந்தைய பாகமும்தான் முதலில் தீரும், நடுவில் உள்ளவை தேங்கும்.

நம் தீவுக்கே உரிய தொல்லை இன்னொன்று உண்டு. இங்கே பாதிப் பேர் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், பாதிப் பேர் பிரெஞ்சில். 2007-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது அக்டோபர் 26. ஆங்கிலப் பதிப்புக்கும் அதற்கும் நடுவே 97 நாள். ஒரே வீட்டில் அக்கா முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், தம்பி மூன்று மாதம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: இரண்டு வெளியீட்டுத் தேதிகளையும் ஒரே தாளில் போடுங்கள், பிரெஞ்சுக்கும் அன்றே முன்பதிவு வாங்குங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் திறந்த பிரதியை வைக்காதீர்கள். "யார் செத்தார்கள்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் கடைப் பையன்கள் சிரிக்கக்கூட வேண்டாம், சிரிப்பைப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவோம்.

நூலகர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. கடையில் வாங்க முடியாதவரின் வெளியீட்டு நாள் உங்கள் கையில்தான் இருக்கிறது. வழக்கமாக நடப்பது இது: புத்தகம் வெளியீட்டு நாளில் வரும், பதிவேட்டில் ஏறும், முத்திரை, அடுக்கு எண் சீட்டு, பிளாஸ்டிக் உறை, எல்லாம் முடிந்து தட்டுக்கு வர மூன்று வாரம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பட்டியல் பதிவை அப்போதே செய்யலாம். சீட்டையும் தேதித் தாளையும் அச்சடித்து வைக்கலாம். உறையை 607 பக்கத் தடிமனுக்கு முன்பே வெட்டி வைக்கலாம். முன்கூட்டிப் பெற, அந்த நாளுக்கு முன் வெளியே விடமாட்டோம் என்று வெளியீட்டாளரிடம் உறுதிமொழிக் கடிதம் கொடுத்திருந்தால், அன்று காலை மிஞ்சும் வேலை ஒட்டுவது மட்டும்.

இரவல் கணக்கையும் பாருங்கள். நாற்பது பேர் முன்பதிவு, ஒரு பிரதி, பதினான்கு நாள் இரவல் என்றால் கடைசி ஆளுக்கு முன்னே 546 நாள். மூன்று பிரதி வாங்கி, இரவலை நான்கு நாளாகக் குறைத்து, நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டால், எல்லோரும் ஐம்பத்தாறு நாளில் படித்து முடிப்பார்கள். நான்கு நாளில் 600 பக்கம் முடியுமா என்று கேட்பவர் ரசிகரல்ல. அவருக்கு மூன்று மாதம் கழித்துப் பதினான்கு நாள் கொடுங்கள்.

புதுப் புத்தகத்தை முதல் வாசகரிடம் கொடுக்குமுன் முதுகைப் பழக்குங்கள். மேசைமேல் முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தி, முன்பக்கம் சில தாள், பின்பக்கம் சில தாள் என்று மாறி மாறி விரித்து, மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் யாராவது நடுவில் பிளந்து குப்புறக் கவிழ்ப்பார், பத்தாவது வாசகரிடம் தாள் உதிரும்.

ஜனவரியில் வெளியீடு என்றால் புயலையும் கணக்கில் வையுங்கள். 'வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மாயக்கதைத் தொடரின் பதினான்காம், கடைசிப் பாகம் 2013 ஜனவரி 8 அன்றுதான் வந்தது. மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை ஏறினால் பஸ் நிற்கும், கடை மூடும். மாற்றுத் தேதியை முன்பே அறிவித்துவிட்டால் யாரும் மழையில் கிளம்ப மாட்டார்கள்.

கடைகளுக்கு இன்னும் ஒன்று. நூற்றுக்கு இரண்டு மூன்று பிரதிகளை விற்காமல் ஒதுக்கி வையுங்கள். லட்சக்கணக்கில் அவசரமாக அச்சடிக்கும்போது ஒரு ஃபாரம் (பதினாறு பக்கம் கொண்ட மடிப்பு) இரண்டு முறை விழுந்து அடுத்த ஃபாரம் விடுபட்டுப்போவது உண்டு; 480-ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடி 465 வரும். கடைசிப் பாகத்தில் அந்தப் பதினாறு பக்கம் இல்லாமல் ஒருவர் கடைக்கு ஓடிவரும்போது, "வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்கிறோம், ஆறு வாரம்" என்பது பதிலாகாது. விற்குமுன் புத்தகத்தை உருவியபடி பக்க எண்ணை மட்டும் பார்த்தாலே பாதிப் பிழை சிக்கும், கதையில் கண் போகாமல்.

வாசலில் காத்தோ பிமான் (பருப்பு மிளகாய் வடை) விற்பவரை விரட்ட வேண்டாம், விடியலில் வரிசையில் நிற்பவருக்கு அதுதான் சாப்பாடு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துவிடுங்கள். அந்த எண்ணெய் விரல் பட்ட பக்கத்தை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது.

இப்படிக்கு,
ரோஸ்ஹில், கியூர்பிப், போர்ட் லூயிஸ் தமிழ் வாசகர்கள்