லேப்டாப்பின் அடிமூடியையும் திறந்து பார்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், சுமார் ஒன்றரை லட்ச ரூபாய் விலையுள்ள புதிய 14 அங்குல லேப்டாப் ஒன்றின் விமர்சனம் வந்திருந்தது. திரையின் நிறம், எடை, மெலிவு, செயற்கை நுண்ணறிவு வசதிகள் எல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. அடிமூடியைத் திறந்து பார்த்ததாக மட்டும் ஒரு வரி இல்லை. அவ்வளவு பணம் போட்டு வாங்கும் கருவி ஐந்து வருடம் உழைக்குமா, இரண்டே வருடத்தில் பரணுக்குப் போகுமா என்பதை அந்த மூடிக்கு உள்ளே இருப்பதுதான் முடிவு செய்கிறது. லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், அடுத்த விமர்சனத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் ரேம், அதாவது லேப்டாப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். மெல்லிய லேப்டாப்களில் இன்று பெரும்பாலும் வருவது எல்பிடிடிஆர்5எக்ஸ் வகை. அனேகமாக இதைச் சிப்பாகவே மதர்போர்டில் சால்டர் செய்து, கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் இன்டெல் கொண்டுவந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசர் பேக்கேஜுக்குள்ளேயே போய்விட்டது. 16 ஜிபி அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் கிடையாது. ஆப்பிளின் எம் வரிசையிலும் ரேம் இப்படித்தான் பிராசசரோடு ஒட்டி இருக்கிறது. இதில் நன்மை உண்டு. பிராசசருக்கும் ரேமுக்கும் உள்ள தூரம் குறைவதால் மின்சாரம் மிச்சமாகிறது, பேட்டரி கூடுதல் நேரம் நிற்கிறது. ஆனால் 16 ஜிபி வாங்கியவருக்குக் கடைசிவரை 16 ஜிபிதான். கிராபிக்ஸுக்குத் தேவையானதும் அதிலிருந்தேதான் போகும். "பிறகு ஏற்றிக்கொள்ளலாம் சார்" என்று கடையில் சொன்னால், டெமோ மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டுப் பாருங்கள். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்பதற்கு எதிரே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது சால்டர் செய்த ரேம். 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றி மாற்றலாம். மெலிவும் வேண்டும், மாற்றவும் முடிய வேண்டும் என்றால் அதற்கும் வழி வந்துவிட்டது. 2024-இல் வந்த லெனோவோ திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில், ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றக்கூடிய எல்பிகேம்2 என்ற ரேம் அட்டை இருக்கிறது. எனவே, சால்டர் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

நம் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, வேகத்தைப் பற்றி எழுதுவதைவிட அளவைப் பற்றி எழுதுவது பயன்படும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். கடையில் தாராளமாகக் கிடைப்பது இதுதான். 2230 என்றால் நீளம் 30 மில்லிமீட்டர் மட்டுமே; கிடைக்கும் வகைகள் குறைவு, விலையும் கூடுதல். எந்த அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், இரண்டாவது ஸ்லாட் உண்டா என்பது திறந்தால்தான் தெரியும்.

இதோடு சேர்த்து வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் 11 இருக்கும் புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன், எஸ்எஸ்டியில் உள்ளதைப் பூட்டிவைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பிறகு மதர்போர்டு பழுதாகி மாற்ற நேர்ந்தால், பூட்டைத் திறக்கும் சாவியை வைத்திருந்த டிபிஎம் சிப்பும் பழைய போர்டோடு போய்விடும். புதிய போர்டில் பழைய எஸ்எஸ்டியைப் போட்டதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருந்தும் உள்ளே இருக்கும் குழந்தைகளின் படங்களும் கணக்குகளும் கிடைக்காது. எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. லேப்டாப் வாங்கிய அன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட வேண்டும்.

சென்னை வாசகருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பம். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குக் கொடுத்திருக்கும் இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. மற்ற பல நிறுவனங்களின் அட்டவணையிலும் மேல் எல்லை 35 டிகிரிதான். கத்திரி வெயிலில் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மாலை ஏழு மணிக்கும் சுவர் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். விமர்சனத்துக்கான சோதனையோ 24 டிகிரி ஏசி அறையில் நடக்கிறது.

இதனால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்கலாம். லேப்டாப் வெளியேற்றும் வெப்பம், அதற்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பை மட்டும் பார்த்தால் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. சிப்பின் எல்லை 100 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 24 டிகிரி அறையில் வித்தியாசம் 76, 36 டிகிரி அறையில் 64. ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் மெல்லிய உலோக லேப்டாப்பில் கை படும் இடம் சுட்டுவிடக் கூடாது என்று உடலுக்கும் ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அதை 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏசி அறையில் 21 டிகிரி இடைவெளி, சாதாரண அறையில் வெறும் 9 டிகிரி. பாதிக்கும் குறைவு. சிப் இன்னும் தாங்கும் என்றாலும், கை சுடாமல் இருப்பதற்காக மெஷின் தன் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும், வேகம் படுத்துவிடும். மேக்புக் ஏர் போல ஃபேனே இல்லாத மாடல்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சோதிக்கும் முறை எளியது. ஏசியை அணைத்து, சீலிங் ஃபேன் மட்டும் ஓடட்டும். மேசையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். சார்ஜரைச் செருகி, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனையை 30 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பிராசசர் இழுக்கும் வாட் அளவை 1, 10, 30-ஆவது நிமிடங்களில் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 200வி வரிசையில் பெரும்பாலான பிராசசர்களுக்கு இன்டெல் கொடுத்திருக்கும் அடிப்படை அளவு 17 வாட், உச்சம் 37 வாட். விளம்பரத்தில் வருவது அந்த உச்சத்தில் சில நொடிகள் ஓடிய வேகம். நம் அறையில் 30-ஆவது நிமிடத்தில் எத்தனை வாட் மிஞ்சுகிறது என்பதுதான் வாங்குபவர் கையில் கிடைக்கும் வேகம். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் பாதி வேகம்கூட வராத மெஷின்கள் உண்டு.

வெப்பத்துக்குத் துணை தூசு. ஃபேன் தள்ளும் காற்று மெல்லிய செம்புத் தகடுகளின் வழியே வெளியேறும். தலைமுடியும் பஞ்சும் சாலைப் புழுதியும் சேர்ந்து, ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை சுத்தமாகத்தான் தெரியும். ப்ளோயரை வைத்து வெளியிலிருந்து அடித்தால் அடைப்பு போகாது; ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போவதுதான் மிச்சம். மூடியைத் திறந்து, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, அந்தத் துண்டை ட்வீசரால் எடுக்க வேண்டும். சில மாடல்களில் மூடியைத் திறந்ததும் ஃபேன் கைக்கு வரும். சிலவற்றில் மதர்போர்டையே கழற்றினால்தான் வரும். விமர்சனத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

பேட்டரிக்கு மணிக்கணக்கு மட்டும் போதாது, வாட்-ஹவர் எவ்வளவு என்றும் போடுங்கள். ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசை போட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடும், எப்போதும் நூறு சதவீதமாக இருப்பதும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதை முதல் நாளே இயக்கிவிடச் சொல்ல வேண்டும். டச்பேட் க்ளிக் ஆகாமல் கடினமாகிவிட்டது என்றால், பல சமயம் அதன் கீழே பேட்டரி உப்பி மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சார்ஜ் போடவே கூடாது. அழுத்தி உட்கார வைக்கவும் கூடாது.

உலோக உடல் லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, உள்ளங்கை ஓரத்தால் மெதுவாகத் தடவினால் சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரியும். கரண்ட் கசிகிறது என்று பயந்து பலர் நல்ல சார்ஜரை மாற்றுகிறார்கள். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் வை கபாசிட்டர் வழியாக மில்லிஆம்பியரில் ஒரு சிறு பங்கு மின்சாரம் வருவதுதான் காரணம். இரண்டு பின் சார்ஜரில் இது தவிர்க்க முடியாதது. எர்த் உள்ள மூன்று பின் சார்ஜரில் மறைந்துவிடும், ஆனால் வீட்டு சாக்கெட்டில் எர்த் ஒயர் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாக இருப்பதும் உண்டு. வெடுக்கென்று ஷாக் அடித்தால் மட்டும் அது வேறு கோளாறு. உடனே சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். பெட்டியில் இரண்டு பின் வருகிறதா, மூன்று பின் வருகிறதா என்று விமர்சகர் பார்த்தாலே தெரியும்.

டைப்-சி போர்ட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று நொடிக்கு 10 ஜிகாபிட்டும் இன்னொன்று 40 ஜிகாபிட்டும் கொடுக்கலாம். எந்தப் பக்கம் எது என்று எழுதுங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். 100 வாட் சார்ஜருக்கு, கேபிளின் தாங்கும் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, அந்த போர்ட் தனிச் சிறு போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறதா என்பது. தினமும் செருகிக் கழற்றும் இடம் ஆடத்தான் செய்யும். தனிப் போர்டு என்றால் பத்து நிமிட வேலை, இல்லையென்றால் மதர்போர்டு வேலை. கீபோர்டும் அப்படித்தான்: ஸ்க்ரூவில் நின்றால் கீபோர்டை மட்டும் மாற்றலாம், ரிவெட் அடித்திருந்தால் மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும்.

ஓலெட் திரையின் நிறம் அருமைதான். ட்யூப்லைட் அதில் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்றும் சொல்லுங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு போன் கேமராவில் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் திரை வேகமாக மினுக்குகிறது என்று பொருள்; கண் கூசும் சுபாவம் உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். செயற்கை நுண்ணறிவு வேலைக்கான தனிப் பகுதியான என்பியு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் பிளஸ் என்ற பெயருக்கு ஒரு தகுதி, அதற்கு மேல் அதைப் பற்றி அரைப் பக்கம் தேவையில்லை.

பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப் விற்கும்போது பழுதுநீக்கும் எளிமைக்கு மதிப்பெண் காட்ட வேண்டும். நம் நாட்டில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. பெட்டியின் மேல் மதிப்பெண்ணைப் பார்த்து வாங்கும் நாள் இங்கு வரும்வரை, அந்த வேலையைப் பத்திரிகைகள் செய்யலாம்.

திறப்பதும் பெரிய வேலை இல்லை. டார்க்ஸ் டி5 அல்லது சிறிய பிளஸ் ஸ்க்ரூடிரைவர், மேக்புக் என்றால் ஐந்து இதழ் கொண்ட பெண்டலோப், கிடார் வாசிக்கும் ப்ளெக்ட்ரம் ஒன்று. ரப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை மறக்காமல் எடுத்துவிட்டு, ஹிஞ்ச் பக்கத்திலிருந்து மெதுவாக நெம்பலாம். உள்ளே எதைத் தொடுவதற்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். விமர்சனத்துக்கு மெஷின் கொடுத்த நிறுவனம் திறக்கக் கூடாது என்று சொன்னால், அதையும் அப்படியே ஒரு வரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள் சிலர்,
ரிச்சி தெரு, சென்னை – 600 002