பிசினஸ் பேப்பர் ஈஸின்னு இன்னும் எத்தனை நாள் சொல்லிட்டு இருக்கப் போறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கல்விப் பக்கத்துல அமெரிக்க சிபிஏ பரீட்சை, அதாவது நம்ம ஊர் சிஏ மாதிரி அங்க கணக்காளர் லைசென்ஸுக்கு எழுதுறது, அத பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், பி.காம் முடிச்சிட்டு சிஏ படிக்கலாமா சிஎம்ஏ படிக்கலாமா இல்ல இதுக்குப் போலாமான்னு மண்டைய பிச்சிக்கிற பசங்களுக்கு தமிழ்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே அபூர்வம். ஆனா அதுல ஒரு வரி உறுத்திச்சு. நாலு பேப்பர்ல பிசினஸ் பேப்பர்தான் ரொம்ப சுலபம், அத கடைசியா வெச்சுக்கிட்டு ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்னு எழுதியிருந்தீங்க. அந்த பேப்பரே இப்ப இல்லைங்க. பெக்-னு (பிசினஸ் என்விரான்மென்ட் அண்ட் கான்செப்ட்ஸ்) சொல்வாங்களே, அத கடைசியா எழுத முடிஞ்சது 2023 டிசம்பர்லதான், 2024 ஜனவரியோட புது பேட்டர்ன் வந்திடுச்சு.

நான் அமெரிக்க கம்பெனிகளுக்கு கணக்கு பாக்குற ஒரு ஆபீஸ்ல இருக்கேன், டீம்ல சேர்ற பசங்கள்ல பாதிப் பேர் இதுக்குப் படிக்கிறவங்க. இந்தியாவுலயே உக்காந்து எழுதலாம்னு 2020ல வந்ததுக்கு அப்புறம் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. அவங்க கையில சுத்துற நோட்ஸ பாத்தா பாதி பழைய பெக் நோட்ஸ், சீனியர் குடுத்தது, அவருக்கு அவர் சீனியர் குடுத்தது. மூணு ரைட்டன் கம்யூனிகேஷன், அதுக்கு 15 சதவீதம் மார்க், மெமோ எழுதுறது எப்படின்னு டெம்ப்ளேட் வேற. அது எதுவுமே இப்ப கிடையாது, மனப்பாடம் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க பாவம்.

இப்ப எப்படின்னா, ஃபார் (ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்), ஆடிட், ரெக் (வரியும் பிசினஸ் சட்டமும்) இந்த மூணும் எல்லாரும் எழுதியாகணும், நாலாவதா பார், ஐஎஸ்சி, டிசிபி இந்த மூணுல ஏதாவது ஒண்ண நாமளே தேர்ந்தெடுத்துக்கணும். பார்-ங்கிறது பிசினஸ் அனாலிசிஸ் அண்ட் ரிப்போர்ட்டிங், ஐஎஸ்சி சிஸ்டம்ஸ் கன்ட்ரோல்ஸ் பக்கம், டிசிபி டாக்ஸ். பழைய பெக்ல இருந்த காஸ்ட் அக்கவுண்டிங், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட், எகனாமிக்ஸ் எல்லாம் பெரும்பாலும் பார்ல போய் உக்காந்துக்கிச்சு, ஐடி பகுதி ஐஎஸ்சிக்குப் போயிடுச்சு, கொஞ்சம் ஆடிட்லயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. எத எழுதினாலும் கடைசியில கிடைக்கிற லைசென்ஸ் ஒண்ணுதான். அதனாலதான் எது ஈஸின்னு எல்லாரும் தேடுறாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

தப்பு எங்க வருதுன்னா, முன்னாடி பிசினஸ் பேப்பர்னா ஈஸின்னு கோச்சிங் சென்டர்லயிருந்து யூடியூப் வரைக்கும் ஒரே பாட்டு, இப்ப அதே ஆளுங்க பார் பக்கமே போகாத, ஃபெயில் ஆயிடுவ, டிசிபி எடுத்துக்கோன்னு சொல்றாங்க. நம்பர காட்டித்தான் சொல்றாங்க, 2024ல பார் பாஸ் பண்ணவங்க 40 சதவீதத்துக்கும் கீழ, டிசிபில 70ஐ தாண்டிடுச்சு. நம்பர் பொய் இல்ல. ஆனா டிசிபி எழுதுறவங்க யாருன்னு யாராவது யோசிச்சாங்களா? நாள் பூரா அமெரிக்க டாக்ஸ் ரிட்டர்ன் போடுறவங்க, இல்ல ரெக் இப்பதான் முடிச்சு அந்த சூட்டோட போறவங்க. அவங்க பாஸ் பண்றாங்கன்னு அந்தப் பக்கமே போகாத ஒரு பையன் அதுல போய் விழுந்தா அவனுக்கும் 70 சதவீத சான்ஸா கிடைக்கும்? பாஸ் பர்சென்டேஜ் பேப்பரோட கஷ்டத்த மட்டும் காட்டுறதில்ல, யார் எழுதுறாங்கங்கறதையும் சேர்த்துத்தான் காட்டுது. கணக்குப் படிக்கிற பசங்களுக்கே இத எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

சரி, பார் ஏன் இவ்ளோ பேர கவுக்குது? என் கண்ணுல பட்டது, பசங்க இன்னும் அத பெக் மாதிரியே படிக்கிறாங்க. ஃபார்முலா ஷீட் ஒண்ணு பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிக்கிட்டு ரேஷியோ எல்லாம் உருப்போடுறது. பரீட்சைய தயாரிக்கிற அமெரிக்க கணக்காளர் அமைப்பான ஏஐசிபிஏ, ப்ளூபிரிண்ட்னு ஒரு டாக்குமென்ட் சும்மாவே குடுக்குறாங்க, எந்த டாபிக்ல எந்த அளவுக்குக் கேப்போம்னு அதுல தெளிவா இருக்கு, பார்ல வெறும் ஞாபகசக்தி கேள்விக்கு பங்கு ரொம்ப கம்மி, அப்ளிகேஷனும் அனாலிசிஸும்தான் ஜாஸ்தி. அத தொறந்து பாத்தவங்க என் டீம்ல கொஞ்சப் பேர்தான், ஆனா காசு குடுத்து வாங்குற வீடியோ மட்டும் எல்லாரும் பாத்திருக்காங்க.

ஒரு கணக்கு சொல்றேன், வேரியன்ஸ், அதாவது போட்ட திட்டத்துக்கும் நெஜத்துல ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு கம்பெனி 1,000 பீஸ் செய்யுது, ஒரு பீஸுக்கு 2 பவுண்ட் மெட்டீரியல், பவுண்ட் 5 டாலர், இது ஸ்டாண்டர்ட். நெஜத்துல வாங்கி செலவானது 2,100 பவுண்ட், பவுண்ட் 4.80 டாலர். பிரைஸ் வேரியன்ஸ் 420 டாலர் ஃபேவரபிள், யூசேஜ் வேரியன்ஸ் 500 டாலர் அன்ஃபேவரபிள், மொத்தத்துல 80 டாலர் நஷ்டம். இது வரைக்கும் எந்த பையனும் போட்டுடுவான், நம்ம ஊர் பி.காம்லயே வந்த கணக்குதான். அடுத்து ஒரு மெயில், ஒரு பர்ச்சேஸ் ரிப்போர்ட், ஒரு புரொடக்ஷன் மேனேஜர் குறிப்பு இதெல்லாம் முன்னாடி வெச்சு இதுல எது இந்த வித்தியாசத்துக்கு காரணம்னு சிமுலேஷன்ல, அதாவது ஆபீஸ் வேலை மாதிரியே குடுக்குற பெரிய கேள்வியில, கேட்டா கை நின்னுடுது. பர்ச்சேஸ் ஆளு விலை கம்மியா கிடைக்குதுன்னு மட்டமான சரக்க வாங்கிட்டான், அதனால ஷாப் ஃப்ளோர்ல வேஸ்ட் கூடிச்சு, 420 மிச்சம் பண்ணி 500 விட்டிருக்கு, பாராட்டு பர்ச்சேஸுக்கு திட்டு புரொடக்ஷனுக்கு. இந்தக் கதைய படிக்கத் தெரியணும், அதுதான் பார். ஃபார்முலா தெரிஞ்சவனுக்கும் கதை தெரிஞ்சவனுக்கும் வித்தியாசம் அங்கதான் தெரியும்.

என்பிவி, அதாவது ஒரு ப்ராஜெக்ட்ல வரப்போற பணத்த இன்னிக்கு மதிப்புக்கு மாத்தி லாபமான்னு பாக்குற கணக்கு, அதே மாதிரிதான். தேய்மானம் ரொக்கமா வெளிய போறதில்ல, அதனால கேஷ் ஃப்ளோவுல விட்டுடலாம்னு ஒரு பாதி மட்டும் ஞாபகம் வெச்சுக்கறாங்க, அது வரிய குறைக்குதுங்கிற மீதி பாதி மறந்து போகுது. 20,000 டாலர் தேய்மானம், 21 சதவீதம் கார்ப்பரேட் வரின்னா 4,200 டாலர் வருஷா வருஷம் மிச்சம், அத விட்டா விடையே தலைகீழா போயிடும். ப்ராஜெக்ட் ஆரம்பத்துல போட்ட வொர்க்கிங் கேப்பிடல் (அன்றாட ஓட்டத்துக்கான பணம்) கடைசி வருஷம் திரும்பி வரும்ங்கறதையும் சேத்து விட்டுடுவாங்க.

இன்னொண்ணு, பார்னா பிசினஸ் மட்டும்தான்னு நெனச்சு உள்ள போறவங்கள ஓங்கி அடிக்கிற பகுதி ஒண்ணு இருக்கு, ஸ்டேட் அண்ட் லோக்கல் கவர்ன்மென்ட், அதாவது அமெரிக்க மாநில அரசு, நகராட்சி கணக்கு. 10லயிருந்து 20 சதவீதம் வரைக்கும் வரும். ஒரு நகராட்சி 5 லட்சம் டாலருக்கு தீயணைப்பு வண்டி வாங்குதுன்னு வைங்க, அந்த ஃபண்டோட கணக்குல அது அந்த வருஷ செலவு, அவ்ளோதான், வண்டி பேலன்ஸ் ஷீட்லயே கிடையாது. அதே நகராட்சியோட மொத்த கணக்குல அது சொத்து, வருஷா வருஷம் தேய்மானம் போடணும். ஒரே வண்டிக்கு ரெண்டு கணக்கு, ரெண்டும் சரி, ஒண்ணுலயிருந்து இன்னொண்ணுக்கு எப்படி வர்றதுன்னு ரீகன்சிலியேஷன் கேப்பாங்க. நம்ம பசங்களுக்கு இது சுத்தமா புதுசு, காலேஜ்ல இந்த வாசனையே இருந்திருக்காது, அதனால கடைசி வாரம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுறாங்க. என்னைக் கேட்டா இத முதல்ல ஆரம்பிக்கச் சொல்லுவேன், ஏன்னா புரிஞ்சிடுச்சுன்னா மார்க் உறுதியா வர்ற இடம் இது. அப்புறம் கன்சாலிடேஷன், டெரிவேட்டிவ், ஸ்டாக் காம்பன்சேஷன் எல்லாம் இருக்கு, ஃபார் முடிச்ச கையோட எழுதுனா அதெல்லாம் பாதி தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆறு மாசம் விட்டுட்டு போனா திரும்ப முதல்லயிருந்து.

பரீட்சை ஹால் விஷயமும் உங்க கட்டுரையில கொஞ்சம் மாறியிருந்துச்சு. பார்ல 50 மல்டிபிள் சாய்ஸ், 7 சிமுலேஷன், பாதிக்குப் பாதி மார்க், நாலு மணி நேரம், அஞ்சு டெஸ்ட்லெட்டா, அதாவது அஞ்சு பகுதியா, பிரிச்சிருக்கும். ஒரு டெஸ்ட்லெட்ட சப்மிட் பண்ணிட்டா திரும்பப் போக முடியாது. மூணாவது முடிஞ்சதும் 15 நிமிஷம் பிரேக், அதுக்கு நேரம் ஓடாது, எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லுங்க, வீராப்புக்கு உக்காந்துட்டு இருக்கறவங்க கடைசி சிமுலேஷன்ல தடுமாறுறாங்க. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால எதையும் காலியா விடக் கூடாது. பாஸ் மார்க் 75, ஆனா அது 75 சதவீதம் இல்ல, 0லயிருந்து 99 வரைக்குமான ஒரு ஸ்கேல், நூத்துக்கு எத்தன சரியா போட்டோம்னு அதுல தெரியாது. அப்புறம் முக்கியமா, இந்த நாலாவது பேப்பர நெனச்சப்ப எல்லாம் எழுத முடியாது, குவார்ட்டருக்கு ஒரு விண்டோதான், அத விட்டா அடுத்த குவார்ட்டர் வரைக்கும் காத்திருக்கணும். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்னு நீங்க எழுதுனத நம்பி ஒருத்தன் டேட் போட்டு ஃபெயில் ஆனா அவனுக்கு டாலர்ல கட்டுன ஃபீஸும் போச்சு, மூணு மாசமும் போச்சு.

ரைட்டன் கம்யூனிகேஷன எடுத்ததுல மட்டும் எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். அத பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான் திருத்திச்சு, டெம்ப்ளேட் போட்டே ஏமாத்திடலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மைதான். ஆனாலும் ஒரு கிளையன்ட்டுக்கு வேரியன்ஸ் ஏன் வந்துச்சுன்னு நாலு வரி எழுதச் சொன்னா இன்னிக்கும் நாலு நாள் எடுத்துக்கற ஆளுங்கள தினம் பாக்குறேன். அதனால எங்க டீம் பசங்ககிட்ட ஒரு சிமுலேஷன் போட்டு முடிச்சா விடைய சரி பாக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதச் சொல்றேன், தமிழ்ல எழுதினாலும் சரி. மார்க்குக்கு அது தேவையில்லன்னு மொனகுவாங்க, மொனகட்டும்.

யார் பார் எடுக்கலாம்னு கேட்டா, ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங், பட்ஜெட், காஸ்டிங் பக்கம் வேலை பாக்குறவங்க, பாக்க நெனக்கிறவங்க, ஃபார் படிக்கும்போது தூக்கம் வராதவங்க எடுக்கலாம். டாக்ஸ் டீம்ல இருக்கறவன் டிசிபிக்கே போகட்டும், ஐடி ஆடிட்ல இருக்கறவன் ஐஎஸ்சிக்கே போகட்டும், யாரையும் இழுத்துட்டு வந்து பார்ல உக்கார வெக்கணும்னு நான் சொல்லல. பிசினஸ் பாடத்த சைடுல வெச்ச ஊறுகாய் மாதிரி பாத்த பழக்கம்தான் இன்னிக்கு அத பேயா காட்டுதுன்னு சொல்றேன்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த பரீட்சை பத்தி போடும்போது ஏஐசிபிஏ ப்ளூபிரிண்ட் எந்த வருஷத்தோடதுன்னு பாத்துட்டு அந்த வருஷத்தையும் கட்டுரையிலயே போட்டுடுங்க. பெக் ஏற்கெனவே பாஸ் பண்ணி அந்த கிரெடிட், அதாவது பாஸ் பண்ணதோட செல்லுபடி, இன்னும் காலாவதி ஆகாம இருந்தா நாலாவது பேப்பர் எழுத வேண்டாம்ங்கற விஷயத்தையும் ஒரு மூலையில சேத்துடுங்க, பழசுல பாஸ் பண்ணிட்டு பாதியில நிறுத்துனவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. கிரெடிட் காலம் பல மாநிலங்கள்ல 18 மாசத்துலயிருந்து 30 மாசமா ஏறியிருக்கு, அவங்க எந்த மாநிலத்துல அப்ளை பண்ணாங்களோ அந்த ஸ்டேட் போர்டு சைட்ல ஒரு தடவ பாத்துக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்