எண்ணெய் பூசுமுன் சம்பளத்தைக் கொடுங்கள்

சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற வெள்ளிக்கிழமை சுகமளிக்கும் ஆராதனையில் நடந்ததை நீங்களே முன்வரிசையில் இருந்து பார்த்தீர்கள். நம் ஆலயத்தில் மணியடிக்கிற பெரியவரை மேடைக்கு அழைத்து எண்ணெய் பூசிய ஊழியக்காரர், இனி சர்க்கரை இல்லை, மருந்தை நிறுத்திவிடு என்றார். எல்லாரும் அல்லேலூயா சொன்னோம். கூட்டம் கலைந்த பிறகு, காலில் கட்டோடு பாய்களைச் சுருட்டி வைத்தவரும் அந்தப் பெரியவர்தான்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் பிறகு அவருக்குச் சம்பளம் வரவில்லை என்பது கமிட்டிக்குத் தெரியும். அதனால் என்ன ஆகிறது என்பது தெரியுமா? பெரியாஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறார். ஆனால் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அவர் ஊசியையும் விட்டுவிடுகிறார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது காலில் கல் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. தரையில் இரத்தக் கறையைப் பார்த்து அவர் வீட்டம்மாதான் சத்தம் போட்டார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய முதல் மருந்து சம்பளம்.

மேடைக்குப் பின்னால் கட்டிய ஃபிளெக்ஸில் யாக்கோபு 5:14 போட்டிருந்தீர்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்ற வசனம். அதற்குப் பத்து வசனம் மேலே, பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று அதே யாக்கோபு எழுதுகிறார். அதையும் போட ஃபிளெக்ஸில் இடம் போதவில்லையோ என்னவோ.

ஜெபத்தால் சுகம் வரும் என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் ஆண்டவர் குஷ்டரோகியைச் சுகமாக்கிய பிறகும், போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றுதான் அனுப்பினார்; சுகமானதைச் சோதித்துச் சொல்வது அந்நாளில் ஆசாரியனின் வேலை. நெய்யூருக்கு 1838-ல் மிஷனரி டாக்டர் ராம்சே வந்ததும், வேலூரில் 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு ஆஸ்பத்திரி தொடங்கியதும் மருந்தைத் தூக்கி எறியச் சொல்வதற்காக அல்ல. பெரியவர் மருந்தை நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால், விசுவாசம் குறைவு என்று பழியையும் அவர் தலையிலேயே போடுவார்கள்.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சவுண்ட் சர்வீஸுக்கு முன்பணம் போயிற்று. ஊழியக்காரருக்குக் காரில் ஏறுமுன்பே கவர் போயிற்று. டயோசிஸ் (திருமண்டல) தேர்தல் வந்தால் வேன் வேனாக ஆள் ஏற்றப் பணம் எங்கிருந்தோ வருகிறது. ஓட்டு எண்ணும் வரைக்கும் நாம் எல்லாரும் சகோதரர்கள். மணியடிக்கிறவருக்கு மட்டும் அடுத்த மீட்டிங்கில் பார்ப்போம்.

மன்னிக்க வேண்டும், கடிதம் வேறு பக்கம் போய்விட்டது. கேட்க வந்தது இதுதான்: பெரியவரின் சம்பளப் பாக்கி முழுவதையும் அடுத்த சுகமளிக்கும் ஆராதனைக்கு முன் கொடுத்துவிடுங்கள். மேடையில் வேண்டாம், போட்டோ வேண்டாம், வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். டாக்டரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று இந்த ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் ஐயா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பொருளாளர் அவர்களையும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்: கையெழுத்துக்குத் தலைவர் ஊரில் இல்லை என்ற பதிலை இந்த முறை சொல்லாதிருங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்