போர்டுரூமுக்குப் போகுமுன்

அன்புள்ள கயல்,

லண்டன் 'அப்ரென்டிஸ்' நிகழ்ச்சிக்கு, அந்தத் தொலைக்காட்சி வியாபாரப் போட்டிக்கு, நீ விண்ணப்பம் போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான்மா. போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அங்கே ஒருவரை வெளியே அனுப்பும் முடிவு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு போ.

பார்க்க எளிதாக இருக்கும். அந்த வாரப் போட்டியில் தோற்ற அணி, முடிவு சொல்லும் அறையான போர்டுரூமுக்கு வரும், அணித்தலைவர் பெரும்பாலும் இரண்டு பேரைக் கைகாட்டுவார், அந்த மூவரில் ஒருவர் பெட்டியோடு கிளம்புவார். ஆனால் முடிவெடுக்கும் தொழிலதிபர் ஆலன் ஷுகர் உங்கள் பின்னாலேயே கடைத்தெருவில் அலைவதில்லை. அவருடைய ஆலோசகர்கள் இரண்டு பேர்தான் ஆளுக்கொரு அணியோடு நடந்து குறிப்பெடுக்கிறார்கள். நீ யாரிடம் எரிந்து விழுந்தாய், யார் சொன்ன நல்ல யோசனையைக் காதில் வாங்கவில்லை என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அதனால் ஆலோசகர் பக்கத்தில் நிற்கும்போது முடிவை வாய்விட்டுச் சொல், காரணத்தையும் சேர்த்துச் சொல்.

2011 முதல் அங்கே பரிசாகத் தருவது வேலை இல்லை, ஜெயிப்பவரின் வியாபாரத்தில் 250,000 பவுண்ட் முதலீடு. அவர் தேடுவது வியாபாரக் கூட்டாளியை. ஒரு வாரம் சொதப்பியவர் தப்புவதும், ஓடி ஓடி உழைத்தவர் வெளியேறுவதும் பல நேரம் இதனால்தான். நம் சிங்கப்பூரில் எடுத்து 2021-ல் ஒரு 'அப்ரென்டிஸ்' ஒளிபரப்பானதே, ஒன் சாம்பியன்ஷிப் என்ற தற்காப்புக் கலைப் போட்டி நிறுவனத்தின் நிறுவனர் சாத்ரி சித்யோதொங் நடத்தியது, அதில் பரிசு அவரிடமே வேலை. அங்கே உடல் பலத்தையும் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தேவையோ அதை வைத்துத்தான் தராசு.

அமெரிக்க 'அப்ரென்டிஸ்' நிகழ்ச்சியில் படத்தொகுப்பு செய்தவர்கள் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார்கள். நன்றாகச் செய்த ஒருவரை அதை நடத்திய டிரம்ப் திடீரென்று அனுப்பிவிடுவாராம். இவர்கள் மணிக்கணக்கான காட்சிகளைத் தோண்டி, அந்த ஆள் தடுமாறிய இடங்களைப் பொறுக்கி எடுத்து, முடிவு நியாயம் என்று தோன்றும்படி கதையைக் கட்டுவார்களாம். முடிவு முதலில், காரணம் பிறகு! இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதே நிகழ்ச்சியின் இரண்டாவது சீசனில், 2004-ல், ஒருவர், அந்த வாரம் தன்னை வெளியேற்ற முடியாது என்று தனக்கிருந்த பாதுகாப்பைத் தைரியமாக வேண்டாம் என்றார். அன்றைக்கே அவரை அனுப்பினார்கள், அந்தத் தைரியத்தையே குற்றமாகச் சொல்லி. நீயும் ரோஷக்காரி, அதனால் சொல்கிறேன்.

தேக்காவில் நம் கடையில் ஆளை நிறுத்துவது இப்படி நடக்காது, உனக்கே தெரியும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால், 5 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 4 வார நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது வேலை நியமனச் சட்டம். அதற்கு முன்னால் கூப்பிட்டுப் பேசுவேன். வேறு வேலைக்கு மாற்றிப் பார்ப்பேன். பாத்திரம் கழுவும் இடத்தில் தினமும் சண்டை போட்ட ஒரு தம்பியை டெலிவரிக்கு மாற்றினேன். இன்றைக்கு எந்த புளோக்கில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. தொலைக்காட்சிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வாரம் ஒருவர் போயே ஆகவேண்டும்.

நீ தலைவியாகித் தோற்றால், கணக்கில் எங்கே பணம் போனதோ அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களைக் கூட்டிப் போ. பிடிக்காத பெண் என்பதற்காக யாரையும் இழுக்காதே. அதற்காக நீ வெளியே வந்தாலும் பரவாயில்லை. திரையில் உன்னை எப்படிக் காட்டினாலும் இந்த வீட்டில் யாரும் அதை வைத்து உன்னை எடை போடமாட்டோம். அக்கம்பக்கத்தில் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய நேர்காணலில் உன் வியாபாரத் திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கேட்பார்கள். வாடகை, சம்பளம், சரக்கு விலை போட்ட தாளை மட்டும் முதலில் எனக்கு அனுப்பு. கடை சாத்தியதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா