கயலுக்கு, அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரியைப் பற்றி

அன்புள்ள கயல்,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. "தூங்கும்மா, காலையில பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையிலும் பேசவில்லை. கடையைத் திறந்து பால் பெட்டிகளை உள்ளே இழுத்து வைக்கும்போது நீ சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "வசனம் எல்லாம் தெரியும்ப்பா. ஆனா தொண்டை அடைச்சுப்போச்சு. எதிர்ல இருந்த முகமெல்லாம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு." கடைசியாக, "எனக்கு இது சரிப்படாது போல" என்றும் சொன்னாய்.

நீ சொன்ன முதல் மூன்று வரியையும் நான் ஏற்கெனவே ஒரு இடத்தில் படித்திருக்கிறேன். இங்கிலாந்து நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதில். நீ நாடகப் பள்ளியில் சேர்ந்த வருஷம் நூலகத்திலிருந்து எடுத்து வந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ போயிருக்கும் நடிப்பு உலகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்.

அது நடந்தது 1964-ல். அவருக்கு வயது 57. இங்கிலாந்து மேடையில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று பேர் வாங்கிவிட்டார். நேஷனல் தியேட்டர் தொடங்கி ஒரு வருஷம், அதன் முதல் இயக்குநரும் அவரே. பகலில் நிர்வாகம், மாலையில் ஒத்திகை, ராத்திரி மேடை. இப்சனின் 'மாஸ்டர் பில்டர்' நாடகத்தில் மைக்கேல் ரெட்கிரேவ் நடித்துவந்த பாத்திரத்தை அவர் ஏற்றுக்கொண்டார். முதல் நாள் மேடையேறப் போகும்போது, இன்றைக்கு வசனம் மறந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மேடைக்குப் போனதும் குரல் தேய்ந்தது, தொண்டை இறுகியது, பல் கிட்டிக்கொண்டது, எதிரே கூட்டம் சுழன்றது. ஒரு அடி எடுத்து வைத்து, பல்லைக் கடித்தபடியே எப்படியோ மீண்டார். அந்த பயம் அன்றோடு போகவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தது.

ஆரம்பக்காரர்களுக்குத்தான் இப்படி வரும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாற்பது வருஷ அனுபவம் உள்ளவருக்கும் வந்தது.

சரி, அவர் மேடைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. அவருடைய அப்பா ஜெரார்ட் ஒலிவியர், பாதிரியார். கண்டிப்பானவர், சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். அம்மா இறந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அப்பாவைக் கண்டால் பயம்தான். 1924-ல் அண்ணன் இந்தியாவுக்கு வேலைக்குக் கப்பல் ஏறினார். அன்று வீட்டில் அப்பா குளித்த அதே வெந்நீரில், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று, மகனும் இறங்கி உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் பின்னாலேயே நானும் எப்போது இந்தியாவுக்குப் போகலாம் என்று கேட்கிறான். முட்டாள்தனமாகப் பேசாதே, நீ இந்தியாவுக்குப் போகவில்லை, மேடைக்குத்தான் போகிறாய் என்கிறார் அப்பா. பையன் அதுவரை வாய் திறந்து அந்த ஆசையைச் சொன்னதே இல்லை. அவன் பள்ளி நாடகங்களில் நடித்ததை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கயல். நீயும் பள்ளி நாடகத்தில் நடித்தாய். நானும் வந்து உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நீ வந்து கேட்டபோது, முதலில் அக்கவுண்டன்சி முடி, அப்புறம் பார்க்கலாம் என்றேன். பிறகு நான்கு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பணத்துக்குப் பயந்தேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பாதிரியாரிடமும் பணம் இல்லை. உதவித்தொகை கிடைத்தால்தான் படிக்க முடியும் என்று மகனிடம் நேராகச் சொல்லித்தான் அனுப்பினார். பையன் உதவித்தொகையையும், கூடவே 50 பவுண்டையும் வாங்கிக்கொண்டு எல்சி ஃபோகர்ட்டியின் பள்ளியில் சேர்ந்தான். நான் உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு நான் வருத்தப்படுகிறேன்.

1925-ல் பிரைட்டனில் அவருக்குக் கிட்டத்தட்ட முதல் தொழில்முறை மேடை. கதவு நிலையின் கீழ்க்கட்டை உயரமாக இருக்கிறது, பார்த்துக் கால் வை என்று ஆளாளுக்கு எச்சரித்திருக்கிறார்கள். கதவைத் திறந்து வந்தவர் நேராக அதில் தடுக்கி முகம் குப்புற விழுந்தார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. எழுந்து மீதியை நடித்தார்.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்தது நீ இருக்கும் பர்மிங்காமுக்கு. நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தை ஒட்டிய ஸ்டேஷன் தெருவில் 'ஓல்ட் ரெப்' என்று ஒரு சின்ன அரங்கு இருக்கிறதே, நீகூட ஒரு தடவை படம் எடுத்து அனுப்பினாயே, அங்கேதான். பாரி ஜாக்சன் 1913-ல் கட்டியது. ஒலிவியருக்கு இருபது வயதுகூட முழுதாக ஆகியிருக்காது, செகாவின் நாடகத்தில் வான்யா மாமாவாக நடித்தார். நடுவயதில் ஓய்ந்துபோன மனிதனை அந்த வயதில் எப்படிப் பிடித்திருப்பார் என்று யோசித்துப் பார். அங்கே எல்லாமே நன்றாக வந்திருக்காது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேலை இருந்தது. லண்டன் வாய்ப்பு வந்தால்தான் வாழ்க்கை என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்ன அரங்குதான் ஞாபகம் வரும்.

1935-ல் 'ரோமியோ ஜூலியட்'. அவரும் ஜான் கீல்குட்டும் ரோமியோவையும் மெர்குஷியோவையும் மாற்றி மாற்றி நடித்தார்கள். ஒலிவியருக்குக் கவிதை பேசத் தெரியவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவர் ஷேக்ஸ்பியரை விடவில்லை. இரண்டே வருஷத்தில் லண்டன் ஓல்ட் விக் அரங்கில், எதையும் வெட்டாத முழு 'ஹாம்லெட்'.

எனக்கு மிகவும் பிடித்தது 1944-ல் மான்செஸ்டரில் நடந்தது. ஓல்ட் விக் குழு பெர்னார்ட் ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் த மேன்' போட்டுக்கொண்டிருந்தது. ஒலிவியருக்கு செர்ஜியஸ் வேஷம், வெற்றுப் பெருமை பேசும் ஒரு ராணுவ அதிகாரி. அந்த வேஷம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வேண்டாவெறுப்பாக நடித்தார். பார்க்க வந்த டைரக்டர் டைரோன் கத்ரி, ஏன், உனக்கு செர்ஜியஸ் மேல் அன்பு இல்லையா என்று கேட்டார். அந்த மாதிரி ஒருத்தன் மேல் யாருக்கு அன்பு வரும் என்று இவர் சீறினார். அன்பு இல்லையென்றால் அந்த வேஷம் உனக்கு ஒருநாளும் வராது என்று சொல்லிவிட்டு கத்ரி போய்விட்டார். அந்த வாரம் முடிவதற்குள் ஒலிவியருக்கு செர்ஜியஸ் மேல் பிரியம் வந்துவிட்டது. நடிப்பைப் பற்றித் தன் வாழ்க்கையிலேயே கிடைத்த பெரிய அறிவுரை அதுதான் என்று பிறகு சொன்னார். அதே வருஷம் செப்டம்பரில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக வந்தார். கொலைகாரன், வஞ்சகன். அவனைப் பார்க்க ஜனம் திரண்டது.

நீ நடிக்கும் அந்த மருமகள் வேஷத்தைப் பற்றி நீ பேசியதை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். அவள் இப்படிச் செய்யலாமா, அவள் கோழை என்று எப்போதும் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தாய். தொண்டை அடைத்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவளோடு கொஞ்சம் பழகிப் பார்.

அதற்கு அடுத்த வருஷம் 'ஈடிபஸ்'. தெரியாமல் தன் அப்பாவைக் கொன்று அம்மாவையே மணந்திருக்கிறோம் என்ற உண்மை தெரிந்ததும் ஈடிபஸ் அலற வேண்டும். எப்படி அலறுவது? குளிர் நாடுகளில் ஒரு சின்ன விலங்கு உண்டு, நம் கீரி மாதிரி, பனிக்காலத்தில் வெள்ளையாகிவிடும். அதன் தோலுக்காகப் பனிக்கட்டி மேல் உப்பைத் தூவி வைப்பார்களாம். நக்க வந்ததும் நாக்கு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பிய்யும். எங்கோ கேட்ட இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த அலறலைக் கொண்டுவந்தார். அதே ராத்திரி, இடைவேளைக்குப் பிறகு 'த கிரிட்டிக்' என்ற கோமாளி நாடகத்தில் மிஸ்டர் பஃப் ஆக வந்து சிரிக்க வைத்தார்.

எல்லாவற்றையும் நான் கொண்டாடவில்லை. முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு அவர் போட்ட 'ஒதெல்லோ'வை என்னால் இன்றைக்குப் பார்க்க முடியவில்லை, நீயும் பார்க்க மாட்டாய். குரலை அடித்தொண்டைக்கு இறக்க மாதக்கணக்கில் பயிற்சி செய்தார் என்பது உண்மை. அந்தப் பூச்சு தப்பு என்பதும் உண்மை.

ஆனால் பயத்தைப் பற்றிச் சொல்ல அந்த நாடகத்துக்கே வர வேண்டியிருக்கிறது. மாஸ்டர் பில்டர் ராத்திரிக்குப் பிறகும் ஒதெல்லோ ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் தனியாக நிற்க வேண்டிய இடம் வந்தால் அவருக்கு உயிரே போய்விடும். இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயிடம் போய், உன் காட்சி முடிந்தாலும் உள்ளே போய்விடாதே, என் கண்ணில் படும்படி மேடையோர மறைவில், விங்ஸில் நில் என்று கேட்டுக்கொண்டார். ஃபின்லே நின்றார். 1970-ல் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலாக் வேஷம் போட்டபோது, மேடையில் என் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள் என்று கூட நடித்தவர்களிடம் கேட்டார். நேஷனல் தியேட்டரின் தலைவர், தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் இதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். புற்றுநோயும் அந்த வருஷங்களுக்கு நடுவேதான் வந்து போனது.

கடைசி வேஷம் 1973-ல், 'த பார்ட்டி'. கிளாஸ்கோ நகரத்து வயதான இடதுசாரி ஒருவர். அதில் இருபது நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே ஆளாகப் பேசும் ஒரு நீண்ட பேச்சு. அவருக்கு வயது 66. வசனம் மறந்துவிடும் என்று நடுங்கிய மனிதர், பல மாதம் முன்பிருந்தே வரி வரியாக மனப்பாடம் செய்து, அந்தப் பேச்சைப் பேசினார். 1974 மார்ச்சோடு நாடக மேடையிலிருந்து விலகினார். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாட்டர்லூ பாலத்தில் நடந்தபோது, இது என்ன கோட்டையா என்று நீ கேட்ட கான்கிரீட் கட்டடம்தான் இப்போதைய நேஷனல் தியேட்டர். அதன் பெரிய அரங்குக்கு ஒலிவியர் பெயர். அந்த மேடையில் அவர் ஒரு நாடகத்தில்கூட நடித்ததில்லை.

ஃபின்லேயை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் குழுவில் உனக்கு நெருக்கமான பெண் ஒருத்தி இருக்கிறாளே, மாமியாராக நடிப்பவள், அவளிடம் நாளைக்கே கேள். வெட்கப்படாதே. உன் தனிக்காட்சி வரும்போது இடதுபக்க விங்ஸில் வந்து நில் என்று கேள். அவள் நிற்பாள்.

வெள்ளிக்கிழமை கடையை உன் அம்மா பார்த்துக்கொள்கிறாள். மத்தியானம் யூஸ்டனில் ரயில் ஏறுகிறேன். பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறாள். டிக்கெட் வாங்கிவிட்டேன். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம், உனக்கு வலதுகைப் பக்கம். நீ வாங்கிக் கொடுத்த மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவேன். இருட்டில் அவளுக்குத் தெரியுமா என்று அம்மா கேட்டாள். மூன்றாவது வரிசை வரைக்கும் மேடை வெளிச்சம் வரும் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய்.

அன்புடன்,
அப்பா