டொக் என்று ஒலிக்கும் சுவர்

ஸ்காபரோ, ரொறன்ரோ
கார்த்திகை

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நாங்கள் நலம். அங்கு மாரி தொடங்கியிருக்கும். கிணற்றில் தண்ணீர் எந்தளவுக்கு வந்துவிட்டது என்று எழுதுங்கள். இங்கு மரங்கள் இலை கொட்டி நிற்கின்றன. காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டியிருக்கிறது.

போன கிழமை வீடியோவில் சுவரைத் தட்டிக் காட்டச் சொன்னீர்கள். டொக் டொக் என்று கேட்டதும் "இது வீடா, பெட்டியா?" என்றீர்கள். நாற்பது வருடம் கல்லும் சீமெந்துமாக நின்ற மேசனுக்கு அப்படித்தான் தோன்றும். தம்பி தை மாதம் இங்கு வந்து, இப்படியான சுவர் கட்டிப் பேஸ்மெண்ட் (நிலத்தடித் தளம்) முடிக்கும் வேலைக்குத்தான் போகப்போகிறான். ஆகவே பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவனுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

ரொறன்ரோப் பக்கம் குளிர்காலத்தில் நிலம் உறையும். உறையும்போது ஈரமண் பொங்கும். அதன்மேல் அத்திவாரம் இருந்தால் வீட்டையே தூக்கி வெடிக்க வைத்துவிடும். அதனால் அத்திவாரம் குறைந்தது 4 அடி கீழே போகவேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளத்தையே எடுத்துவிடுகிறார்கள். அதுதான் பேஸ்மெண்ட். அதன் சுவர் கொங்கிறீற்று அல்லது சீமெந்துக் கல். அதற்கு மேலே எல்லாம் மரம். வெளியே தெரியும் செங்கல், பழைய வீடுகளைத் தவிர, ஒற்றை வரிசைச் சட்டைதான். பாரம் தாங்குவது உள்ளே நிற்கும் மரம்.

வீடு விற்கும்போது பேஸ்மெண்ட் பெரும்பாலும் வெறும் கொங்கிறீற்றாகவே இருக்கும். வாங்கியவர்கள் சனி, ஞாயிறுகளில் தாங்களே முடிக்கிறார்கள். கூலி அதிகம் என்பது ஒரு காரணம். பலகை, ஆணி, வயர், பூச்சு எல்லாம் ஒரே அளவுத் திட்டத்தில் ஒரே கடையில் கிடைப்பது இன்னொரு காரணம். எங்கள் சனத்தில் பலர் வந்திறங்கியதும் முதலில் குடியிருப்பது யாரோ ஒருவருடைய பேஸ்மெண்டில்தான் என்பதால், இந்த வேலை தெரிந்த ஆளுக்கு இங்கு எப்போதும் மதிப்பு.

உங்கள் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கல்லுச் சுவரில் பிழை விட்டால் பூச்சு வெடித்தோ ஈரம் ஊறியோ முகத்திலேயே காட்டிவிடும். இங்கத்தைச் சுவர் பிழையை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். இரண்டு மாரி கழித்து மணம் வரும்போது உள்ளே மரம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும். அதனால் கைத்திறனைவிட எதற்குப் பிறகு எது என்பதுதான் இங்கு பெரிய விடயம்.

மரம் வாங்க முன்பு தண்ணீரைப் பார்க்கவேண்டும். கொங்கிறீற்றில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வெளியிலிருந்து ஈரம் வருகிறது. பூக்காவிட்டாலும் ஒரு சோதனை உண்டு: இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி இரண்டு மூன்று நாள் விடவேண்டும். தாளின் உட்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது; வெளிப்பக்கம் துளிர்த்தால் அறையின் காற்றிலிருந்து. முதல் வகைக்கு மருந்து பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை 6 அடி தள்ளி நீட்டவேண்டும், சுவரோரம் மண்ணை உயர்த்தி வெளிப்பக்கம் சரிக்கவேண்டும். அப்படியும் நிற்காவிட்டால், அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த துளைக்குழாய் அடைத்திருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே தார் பூசி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், பணம் வீண். 2013 ஆடி 8ஆம் தேதி ரொறன்ரோ விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அப்படியான மழையில் நகரக் கழிவுக் குழாய் நிரம்பினால் தண்ணீர் வெளியே போகாமல் பேஸ்மெண்டுக்குள் திரும்பி ஏறும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு இருக்கிறதா என்று பார்க்காமல் அங்கே நல்ல தரை போடுவது புத்தியில்லை.

இரண்டாவது வகை ஈரம் உங்களுக்குப் புதிது. கோடையில் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வெளியே வேர்க்குமே, அதுதான். மண்ணுக்குள் நிற்கும் சுவர் எப்போதும் குளிர்ந்திருக்கும்; புழுக்கமான காற்று பட்டால் வேர்க்கும். குளிர்காலத்தில் சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றின் ஈரமும் அந்தச் சுவரைத் தேடிப் போகும். சூடான காற்று குளிர்ந்த கொங்கிறீற்றைத் தொடவே கூடாது. அது விளங்கிவிட்டால் மிச்சம் சுகம்.

ஆகவே முதலில் சுவரில் 2 அங்குல விறைப்பான நுரைப்பலகையை, இடையில் காற்று ஓட இடம் விடாமல், நுரைக்கென்று விற்கும் பசையால் ஒட்டவேண்டும். சாதாரணப் பசை நுரையைத் தின்றுவிடும். பொருத்துகளைக் கட்டுமானத்துக்கான சிவப்பு நாடாவால் மூடவேண்டும். மேலே, தளத்தின் தீராந்திகள் சுவரில் உட்காரும் இடைவெளிகளைத்தான் அதிகம் பேர் மறப்பது. வீட்டின் சூடு அதனூடாகவும் போகும். அளவுக்கு வெட்டிய நுரைத்துண்டை வைத்து, சுற்றிவர நுரைத்தெளிப்பான் அடித்தால் போதும். நுரை எரியும் பொருள் என்பதால் அதைத் திறந்தபடி விடச் சட்டம் அனுமதிக்காது. கடைசியில் ட்ரைவோல் என்ற ஜிப்சம் பலகையால் மூடியே ஆகவேண்டும்.

இனி மரச் சட்டம். இங்கே 2க்கு 4 என்பார்கள், அளந்தால் 1½க்கு 3½ அங்குலம்தான். காயவைத்துச் சீவிய பிறகு மிஞ்சுவது அவ்வளவு. கொங்கிறீற்றில் படும் அடிக்கட்டை மட்டும் உக்காமலிருக்க மருந்து ஏற்றிய மரமாக இருக்கவேண்டும். அதை நீல நிறக் கொங்கிறீற்று ஸ்குரூவால் இரண்டடிக்கு ஒன்றாக இறுக்குகிறார்கள். 3/16 அங்குல ஸ்குரூவுக்கு 5/32 துளை. ஸ்குரூ போகும் ஆழத்தைவிடக் கால் அங்குலம் கூட. துளையில் தூள் நின்றால் ஸ்குரூ பாதியில் சிக்கித் தலை முறியும், ஆகவே ஊதிச் சுத்தம் செய்யவேண்டும். நிற்கும் கட்டைகள் மையத்துக்கு மையம் 16 அங்குலம். ட்ரைவோல் பலகை 4க்கு 8 அடி, படுக்கையாக வைத்தால் 96 அங்குல நீளத்தை ஆறாகப் பிரித்தால் 16, அதுதான் கணக்கு. ஆனால் சுவரின் மூலையிலிருந்து அளந்து, இரண்டாவது கட்டையின் கிட்டிய ஓரத்தை 15¼ அங்குலத்தில் குறிக்கவேண்டும். 16இல் ஓரத்தைக் குறித்தால் பலகையின் முனை கட்டையின் நடுவில் விழாது, கடைசிவரை ஒவ்வொரு பலகையும் வெட்டவேண்டி வரும். பேஸ்மெண்ட்த் தரை தண்ணீர்த் துளைப் பக்கம் சரிந்திருக்கும். எனவே ஒரு கட்டையை அளந்து எல்லாவற்றையும் அப்படியே வெட்டக்கூடாது, ஒவ்வொன்றாக அளக்கவேண்டும். தூக்குக்குண்டு இங்கும் பொய் சொல்லாது. கொங்கிறீற்றுச் சுவர் கோணலாக இருந்தால் அதோடு போகாமல் குண்டோடு போகச் சொல்லுங்கள்.

கட்டைகளுக்கு இடையே, பாறையை உருக்கி நூலாக்கிய பாறைப்பஞ்சை வைக்கலாம். அது 15¼ அங்குல அகலத்தில் வரும். இடைவெளி 14½தான், அழுத்தி வைத்தால் தானே பிடித்து நிற்கும். நசித்துத் திணித்தால் பயன் குறையும். நுரை ஒட்டாமல் பஞ்சு மட்டும் வைக்கிறவர்கள் அதன் அறைப்பக்கம், அதாவது சூடான பக்கம், 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிப்பு) பிளாஸ்டிக் தாள் அடிக்கிறார்கள். நுரையும் பஞ்சும் தாளும் மூன்றும் சேர்ந்தால் நடுவில் மாட்டிய ஈரம் காய வழியில்லை என்று ஒரு கட்சி, தாள் இல்லாமல் முடியாது என்று ஒரு கட்சி. நான் நுரைப் பக்கம். ஆனால் பார்வையிட வரும் நகரசபை ஆள் எந்தப் பக்கம் என்பதை அடிக்க முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வயர் வேலையில் சுவரைக் கொத்துவது கிடையாது. கட்டையின் நடுவில் துளையிட்டு வயரை ஓட்டுவார்கள். துளை கட்டையின் ஓரத்திலிருந்து 1¼ அங்குலத்துக்குள் வந்தால் முகப்பில் இரும்புத் தகடு அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் ட்ரைவோல் ஸ்குரூ வயரைக் குத்தும். 15 அம்பியருக்கு வெள்ளை உறை, 20க்கு மஞ்சள். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் வீட்டு வேலையைத் தானே செய்யலாம். ஆனால் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, சுவரை மூட முன்பு காட்டவேண்டும். காட்டாமல் மூடினால் உடைத்துக் காட்டச் சொல்வார்கள். தண்ணீர்க் குழாய் மாற்றவோ வாடகைக்குத் தனிக் குடியிருப்பாக்கவோ போனால் நகரசபை அனுமதியும் வேண்டும். படுக்கையறையிலிருந்து நெருப்பில் தப்ப வேறு நேரடி வெளிவாசல் இல்லாவிட்டால் ஜன்னல் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 38 சென்றிமீற்றருக்குக் குறையக்கூடாது. இதை அலட்சியம் செய்து வாடகைக்கு விடுகிற வீடுகள் உண்டு. தம்பி அப்படியான இடத்தில் குடியிருக்கவும் வேண்டாம், கட்டிக் கொடுக்கவும் வேண்டாம்.

இனி அவன் கை பழகவேண்டிய இடம்: ட்ரைவோல். இரண்டு கடதாசிக்கு நடுவில் ஜிப்சம், தடிப்பு அரை அங்குலம். கத்தியால் முகக் கடதாசியைக் கீறி, முழங்காலால் தட்டி ஒடித்து, பின்கடதாசியை வெட்டினால் முடிந்தது, வாள் தேவையில்லை. முதலில் கூரைப்பக்கம், பிறகு சுவர். அப்போதுதான் சுவர்ப் பலகை கூரைப் பலகையின் ஓரத்தைத் தாங்கும். சுவரில் படுக்கையாக, மேல் வரிசை முதல். அடியில் தரையிலிருந்து அரை அங்குலம் விடவேண்டும், தரையில் பட்டால் விளக்குத் திரிபோலத் தண்ணீரை உறிஞ்சும். ஸ்குரூ 1¼ அங்குலம், 12 அங்குலத்துக்கு ஒன்று. தலை சற்றே பதியவேண்டும், கடதாசி கிழியக்கூடாது. கிழிந்த ஸ்குரூ எதையும் பிடிக்காது, இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடவேண்டும். 12க்கு 14 அடி அறை, 8 அடி உயரம் என்றால் சுவருக்கு 13 பலகை, கூரைக்கு 6, கழிவுக்கு 2, மொத்தம் 21. கூரைக்குப் பலகை தூக்கும் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். தலையில் தாங்கி ஸ்குரூ போடுகிற வீரம் வேண்டாம்.

பொருத்துகளை மூடும் பூச்சுக்கு இங்கே மட் என்று பேர், சேறு என்று அர்த்தம். உங்கள் சாந்தகப்பை வேலைக்கு நெருங்கிய ஒரே இடம் இது, ஆனால் பழக்கம் நேர் எதிர். சீமெந்துப் பூச்சைத் தடிப்பாக எறிந்து மட்டம் பிடிப்போம். இதைத் தடிப்பாக வைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். கட்டித் தயிர்ப் பதத்தில் பூசி, அதில் கடதாசி நாடாவைப் பதித்து 6 அங்குலக் கத்தியால் இழுக்கவேண்டும். நாடாவுக்கு அடியில் மட் குறைந்த இடம் பிறகு கொப்புளமாக எழும். அதை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டவேண்டும், மேலே பூசி மறைக்க முடியாது. ஒரு நாள் காய்ந்த பின் 10 அங்குலக் கத்தியால் இரண்டாவது பூச்சு, அடுத்த நாள் 12 அங்குலத்தால் மூன்றாவது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்லியதாகவும் அகலமாகவும். பலகையின் நீள ஓரங்கள் சரிவாக வரும், அங்கே சுகம். முனைகள் சரிவில்லாதவை. அங்கே மேடு தட்டுவதை மறைக்க இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டடி வரை விரிக்கவேண்டும். இரவில் டோர்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தால் மேடும் பள்ளமும் நிழல் விழுந்து காட்டும். உப்புத்தாள் 150இல் மெதுவாகத் தேய்த்தால் போதும். அந்தத் தூள் மாவைவிட நைசு. முகமூடி இல்லாமல் ஒரு நாள்கூடத் தேய்க்க விடாதீர்கள் என்று அவனுக்கு அடித்துச் சொல்லுங்கள். பிறகு அடிவர்ணம், அதன்மேல் இரண்டு கை வர்ணம்.

1990க்கு முந்திய வீடு என்றால் பழைய தரை ஓடு, கூரைப் பூச்சு எதையும் சோதிக்காமல் சுரண்டக்கூடாது, மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். தரைக்குக் கீழிருந்து வரும், கதிரியக்கம் உள்ள ரேடன் வாயுவுக்கும் ஒரு சோதனை உண்டு, குறைந்தது மூன்று மாதம் வைத்து அளப்பது. ஒரு கன மீற்றர் காற்றுக்கு 200 பெக்கரலுக்கு (கதிரியக்க அளவு) மேல் என்றால், தரை போட முன்பே குழாயும் விசிறியும் வைக்கவேண்டும்.

சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்

பி.கு.: அங்கே வாங்கிய டிரில் எதையும் தம்பி சுமந்துவர வேண்டாம். அது 230 வோல்ற், இங்கே 120, சரியாக ஓடாது. மட்டக்கோலும் தூக்குக்குண்டும் கொண்டுவரட்டும். குண்டைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், விமானநிலையத்தில் பறித்துவிடுவார்கள்.