வயதை வைத்து மால்ட்டை எடைபோடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சிங்கிள் மால்ட் விஸ்கிகளை, அதாவது முளைக்கட்டிய பார்லியைக் கொண்டு ஒரே வடிசாலையில் வடிக்கப்படும் விஸ்கிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் பழித்தும் பேசாமல், புகழ்ந்து மயங்கவும் செய்யாமல் எழுதுகிறவர்கள் குறைவு என்பதால், கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆனால், 12 ஆண்டு மால்ட்டைவிட 18 ஆண்டு மால்ட் சிறந்தது, 18-ஐவிட 25 சிறந்தது என்று அவர் ஏணிப்படி வைத்து வரிசைப்படுத்தியிருப்பதும், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஐலாத் தீவின் விஸ்கிகளில் வீசும் புகை வாசத்துக்கு அங்கு ஓடும் பழுப்பு நிறத் தண்ணீரே காரணம் என்று எழுதியிருப்பதும் வாசகர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். பல ஆண்டுகளாக இந்த விஸ்கிகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டு ரசித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் புகையை எடுத்துக்கொள்கிறேன். ஐலாத் தீவின் ஓடைகள் சதுப்பு நிலத்தின் வழியே வருவதால் தேநீர் நிறத்தில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் புட்டியைத் திறந்தவுடன் முகத்தில் அறைகிற அந்தப் புகை, விஸ்கி காய்ச்சத் தண்ணீர் சேர்ப்பதற்கு வெகுமுன்பே தானியத்தில் ஏறிவிடுகிறது. பார்லியை ஊறவைத்து முளைக்கட்டி, முளை நீளாமல் நிறுத்துவதற்காகச் சூளையில் வாட்டுவார்கள்; அப்படி வாட்டிய தானியத்துக்கும் மால்ட் என்றுதான் பெயர். அந்தச் சூளையில் எரிக்கப்படுவது பீட். அதாவது, பாசியும் புல்பூண்டுகளும் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிப் படிந்த மண், செங்கல் போல வெட்டி உலர்த்தப்பட்டது. ஈரம் காயாத தானியத்தின் உமி, அந்தப் புகையில் உள்ள, ஃபீனால்கள் எனப்படும் வாசனைப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும். தானியம் காய்ந்துவிட்டால் அந்த அளவுக்குப் பற்றாது. நம் வீடுகளில் மழைக்காலத்தில் துணியைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவோமே, ஈரப்பதம் உள்ள துணியில் மணம் எப்படி ஏறி நிற்குமோ, அதே போலத்தான் இதுவும்.

ஐலாவின் தென்கரையில் போர்ட் எலன் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே கடலை ஒட்டிச் செல்லும் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பழம்பெரும் வடிசாலைகள் இருக்கின்றன. முதலில் லஃப்ரோய்க், அடுத்து லகவூலின், கடைசியில் ஆர்ட்பெக். மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். முதலும் கடைசியும் 1815-ஆம் ஆண்டையும், நடுவில் உள்ளது 1816-ஆம் ஆண்டையும் தம் தொடக்கமாகச் சொல்கின்றன. மூன்றும் புகையேற்றிய மால்ட்டைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே கடற்காற்று, ஒரே மழை, ஒரே தீவின் பீட். இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால்கூட இவற்றில் ஒன்றை இன்னொன்றாக நான் மயங்கியதில்லை. தண்ணீரும் மண்ணும் மட்டுமே ருசியை முடிவுசெய்யும் என்றால் இது எப்படி நடக்கும்?

இந்தக் கேள்விக்கு ஐலாவிலேயே ஒரு பழைய வழக்கு விடை சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லகவூலினை நடத்திய பீட்டர் மெக்கியின் நிறுவனம், பக்கத்தில் இருந்த லஃப்ரோய்க்கின் விற்பனை முகவராகவும் இருந்தது. 1907-இல் லஃப்ரோய்க் குடும்பத்தார் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். மெக்கி நீதிமன்றம் போய்த் தோற்றார். கோபத்தில் லஃப்ரோய்க்குக்குப் போகும் ஓடையைக் கல் போட்டு அடைத்தார்; தண்ணீரைத் திருப்பி விடும்படி நீதிமன்றம் சொன்னது. அதற்கும் பிறகு 1908-இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற சிறிய வடிசாலை ஒன்றைக் கட்டி, லஃப்ரோய்க்கில் விஸ்கி வடிக்கும் செம்புக் கலங்களைப் பார்த்து அதே போன்ற கலங்களை அமைத்து, அந்த விஸ்கியைத் தானே வடித்துவிடப் பார்த்தார். மால்ட் மில் 1962 வரை ஓடியது. நல்ல விஸ்கியே அதில் வடிந்தது என்கிறார்கள். லஃப்ரோய்க் மட்டும் ஒருநாளும் வடியவில்லை. கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் கைகூடாத ஒரு ருசியை, புட்டியின் மேல் அச்சிட்ட ஓர் எண்ணால் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேறுபாடு பெரும்பாலும் கலத்திலும் அதைக் கவனிக்கிறவர் கைப்பக்குவத்திலும் இருக்கிறது. இந்த விஸ்கிகளை இரண்டு முறை வடிப்பார்கள். லஃப்ரோய்க்கில் இரண்டாம் வடிப்பின்போது முதல் 45 நிமிடங்கள் வருவதைச் சேகரிக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் வருவது பழவாசனை. மருந்து வாசனையும் தார் வாசனையும் பின்னால்தான் வரும். பழத்தை விட்டுவிட்டு மருந்தைப் பிடிக்கிறார்கள் என்று சொல்லலாம். லகவூலினில் அடுப்பை அவசரப்படுத்துவதே இல்லை. இரண்டாம் வடிப்புக்கு மட்டும் 9 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். ஆர்ட்பெக்கிலோ, இரண்டாம் வடிப்புக் கலத்தின் கழுத்திலிருந்து நீளும் குழாயில் ஒரு சிறு உருளையைப் பொருத்தியிருக்கிறார்கள். கனமான ஆவி அதில் குளிர்ந்து மறுபடியும் கலத்துக்கே திரும்பிவிட, இலேசானது மட்டும் மேலே போகிறது. காகிதக் கணக்குப்படி பார்த்தால் மூன்றில் அதிகப் புகையேறிய மால்ட் ஆர்ட்பெக்குடையதுதான்: பத்து லட்சத்தில் சுமார் 55 பங்கு ஃபீனால். லகவூலினுக்குச் சுமார் 35. ஆயினும் வாயில் இனிப்பும் எலுமிச்சையும் துலக்கமாகத் தெரிவது ஆர்ட்பெக்கில்தான். அந்த உருளையின் வேலை அது.

சென்ற மார்கழியில் என் மைத்துனர் வந்திருந்தபோது மூன்றையும் ஒரே மாலையில் வைத்துப் பார்த்தோம். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லி, அதற்கு மேல் கிடையாது. வாய் குறுகிய சிறு கிளாஸ்கள், மேலே மூடிவைக்கக் காப்பித் தட்டுகள். ஐஸ் போடவில்லை, குளிர்ந்தால் வாசனை எழும்பாது. லஃப்ரோய்க் 10-இன் மேலிருந்த தட்டை எடுத்ததும் மைத்துனர், “மச்சான், சின்ன வயசுல முழங்கால்ல அடிபட்டா அம்மா தடவுவாங்களே, அந்த டிஞ்சர்!” என்றார். அவ்வளவுதான், அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. டிஞ்சருக்குப் பின்னால் காய்ந்த கடற்பாசி, அதற்கும் பின்னால் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த பீப்பாய் தந்த மெல்லிய வெனிலா இனிப்பு. லகவூலின் 16 அப்படி முன்னால் வந்து நிற்பதில்லை. ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாயின் சாயல் அதில் உண்டு. பேரீச்சம்பழமும் கடுந்தேநீரும் முதலில் வருகின்றன. விழுங்கிய பிறகுதான், தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் வாசனை தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறி, அடுத்த பேச்சு முடியும்வரை நிற்கிறது. ஆர்ட்பெக் 10-இல் எலுமிச்சம்பழத் தோலைத் தணலில் காட்டியது போன்ற நெடி. கூடவே மிளகு, புதிதாகத் தார் போட்ட சாலை.

பிறகு துளித்துளியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். இதைச் சிலர் குற்றம்போலப் பார்க்கிறார்கள், தேவையில்லை. புகை வாசனைக்குக் காரணமான பொருள்களில் குவாயகால் என்பது ஒன்று. ஆல்கஹாலின் செறிவு குறையக் குறைய அது திரவத்தின் மேற்பரப்புக்கு நெருங்கி வந்து நிற்கிறது என்று ஸ்வீடனில் உள்ள லின்னேயஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினி மாதிரி மூலம் காட்டினார்கள். 46 விழுக்காட்டில் புட்டியில் அடைக்கப்படும் ஆர்ட்பெக்கில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தண்ணீர் விட்டதும், தார் பின்வாங்கி எலுமிச்சை பளிச்சென்று முன்னே வந்தது. 43 விழுக்காட்டில் வரும் லகவூலினில் சில துளிகளுக்கு மேல் விட்டது பிழையாகப் போயிற்று. அதன் கனமே போய்விட்டது. என் விருப்பம் எதுவென்று கேட்டால் லகவூலின்தான். கோடை மாலையாக இருந்தால் ஆர்ட்பெக். மைத்துனர் இன்றுவரை லஃப்ரோய்க்கை விட்டுக் கொடுக்கவில்லை. நாங்கள் மூன்றையும் ரசித்த அந்த மாலையில் வயதுக் கணக்கு பேச்சிலேயே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி வயது. புட்டியில் 16 என்று இருந்தால், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையது 16 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்தது என்று பொருள். ஸ்காட்ச் விஸ்கிக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 3 ஆண்டுகள்தான். பீப்பாய் நல்லதாக இருந்தால் காலம் கனிவைத் தரும். ஏற்கெனவே பலமுறை பயன்படுத்திச் சாரம் இழந்த பீப்பாயாக இருந்தால் 25 ஆண்டுகள் கிடந்தாலும் பெரிதாக எதுவும் ஏறாது. முதல்முறையாக விஸ்கி நிரப்பிய வீரியமான பீப்பாயில் அளவுக்கு மீறிக் கிடந்தால் மரத்தின் துவர்ப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. புகை மால்ட்டுகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. காலம் செல்லச் செல்லப் புகை மங்கும். புகையை விரும்பி ஐலாவைத் தேடும் வாசகர் ஒருவர் கட்டுரையை நம்பி, அதிக விலை கொடுத்து 25 ஆண்டு புட்டியை வாங்கினால், அவர் தேடிய அந்தப் பொருளே அதில் குறைவாக இருக்கக்கூடும். நிறத்தை வைத்துத் தீர்மானிப்பதும் இதே போன்ற பிழை. ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் காரமெல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது.

வயது என்ற அளவுகோல் எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்கு நான் வசிக்கும் பெங்களூரே சாட்சி. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பகுதியைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. பெங்களூரின் வெப்பத்தில் அம்ருத் வடிசாலையில் அது ஆண்டுக்கு 10 முதல் 12 விழுக்காடு. அதே பத்தாண்டு இங்கே கிடந்தால் பீப்பாயில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே இங்கே சில ஆண்டுகளிலேயே மால்ட் பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. மரத்தோடு அது கொள்ளும் உறவும் அத்தனை விரைவானது. 2004-இல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் அறிமுகம் செய்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். அவர்களுடைய ஃப்யூஷன், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்திலிருந்து வந்த புகையேற்றிய பார்லியையும் சேர்த்துச் செய்யப்படுவது. அன்று மாலை நாங்கள் நான்காவதாக அதையும் வைத்தோம். வயது எதுவும் அச்சிடாத அந்தப் புட்டி, பழக்கூழும் கருப்பட்டியும் மெல்லிய புகையுமாக, லகவூலினுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நின்றது. கட்டுரையாளரின் ஏணியில் அதற்கு ஒரு படிகூட இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையில் தீவின் பெயர் ‘ஐஸ்லே’ என்று அச்சாகியிருந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் அப்படித்தான் வரும். அந்தத் தீவுக்காரர்கள் சொல்வது ‘ஐலா’. ‘லகாவுலின்’ என்று வந்திருப்பது ‘லகவூலின்’ என்று இருக்க வேண்டும். அவர்களுடைய கேலிக் மொழியில் அதற்கு ஆலை இருக்கும் பள்ளம் என்று பொருள். தமிழ் எழுத்துகளில் இவற்றை ஒலித்தபடியே எழுதிவிடலாம் என்ற வசதி நமக்கு இருக்கிறது. கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளிவருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் இந்தப் பெயர்களையும், புகையின் காரணத்தையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பெங்களூரு.